ஒரு நோயை மட்டும் அறிந்த ரத்தம்

எபோலா வந்து பிழைத்தவர்களுக்கு அது மறுபடி வராது என்று கன்யேரேயிடம் நான்கு பேர் சொல்லியிருந்தார்கள். நான்கு பேரும் தலை முதல் கால் வரை மூடிய உடைக்குள் நின்றுகொண்டுதான் சொன்னார்கள். அதனால் அவளுக்கு அந்தப் பேச்சில் பாதி நம்பிக்கைதான் இருந்தது.

அவள் லுபேரோ மலைக்காரி, தையல் தொழில். கணவன் ககுலே புடெம்போ சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவன். ஒரு நாள் அங்கிருந்து காய்ச்சலோடு வந்தான். அவள்தான் துடைத்துவிட்டாள், வாந்தியை அள்ளினாள். எட்டாம் நாள் அவன் போய்ச் சேர்ந்தான். அடுத்த வாரம் அவள் விழுந்தாள். பத்தொன்பது நாள் சிகிச்சை முகாமில் கிடந்து எழுந்தபோது கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள். இவருக்கு நோய் இல்லை, இவரால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று அதில் எழுதியிருந்தது. தெருவில் அதை யாரும் படிக்கவில்லை. தைக்கக் கொடுத்திருந்த துணிகளைக்கூட ஒருத்தரும் திரும்ப வாங்க வரவில்லை.

கீழே பெனி ஊரை ஒட்டிய முகாமில், நோய் கண்ட தாய்மார்களின் குழந்தைகளைத் தூக்கி வைத்திருக்கப் பிழைத்தவர்கள் வேண்டும் என்று ஆள் வந்தபோது, அவள் சரி என்றாள். ஆறு வயது மகள் கிசாவை அக்கா வீட்டில் விட்டாள்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்த வாசல் வழியா உயிரோட வெளிய வந்தவ, தானா திரும்பி உள்ள போவாளா?" என்றாள் அக்கா.

"போகலன்னா இங்க என்னக்கா பண்றது? ஒருத்தி ஒரு பட்டன் வெச்சுக்கக்கூட என்கிட்ட வரமாட்டேங்கிறா."

"நீயும் போயிட்டா இந்தப் புள்ளைக்கு யாரு?"

கன்யேரே பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த கிசாவைப் பார்க்காமலே மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாள்.

முகாமின் குழந்தைகள் கூடத்தில் அவளுக்கு முன்பே ஒருத்தி வேலையில் இருந்தாள். பெயர் ஃபெலிசிதே. பெனிக்காரி, ஐம்பதை நெருங்கியவள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவளும் பிழைத்தவள்தான். அங்கே செவிலியராக இருந்த மும்பேரே என்ற இளைஞன் முதல் நாளே கன்யேரேயை உட்காரவைத்து எல்லாம் சொன்னான்.

"உங்க உடம்பு அதோட ஒரு தடவ சண்ட போட்டு ஜெயிச்சிருக்குக்கா. அதோட முகத்த உங்க ரத்தம் மறக்காது. திரும்ப வந்தா வாசல்லயே பிடிச்சிரும். அதுக்குன்னே உள்ள ஆள் தயாரா நிக்குது."

"மறந்துபோச்சுன்னா?"

மும்பேரே கொஞ்சம் யோசித்தான். "பொய் சொல்லமாட்டேன். ரொம்ப ரொம்ப அபூர்வமா ஒருத்தர் ரெண்டு பேருக்குத் திரும்ப வந்திருக்கு. உங்களுக்கு வரும்னு நான் நினைக்கல."

அவன் சொன்ன அத்தனையிலும் அவள் மனதில் தங்கியது அந்த ஒருத்தர் ரெண்டு பேர்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மபெந்தோ வந்தாள். பத்து மாதக் குழந்தை. அவளுடைய தாய் ஜோர்ஜெத்துக்கு நோய் உறுதியாகி, நான்கு பக்கமும் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் அறைக்குள் படுக்கவைத்திருந்தார்கள். குழந்தைக்குச் சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று காலைவரை தாய்ப்பால் குடித்த குழந்தை. இருபத்தோரு நாள் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

மூடிய உடையில் இருந்த இரண்டு பேர் அவளைத் தூக்கி வந்தார்கள். கண் மட்டும் தெரியும் அந்த உருவங்களைப் பார்த்துக் குழந்தை மூச்சுவிடக்கூட இடமில்லாமல் அலறிக்கொண்டிருந்தது. கன்யேரே கையை நீட்டினாள். மேலே மெல்லிய அங்கி, கையுறை, ஒரு முகமூடி, அவ்வளவுதான். குழந்தையின் உடம்புச் சூடு காய்ச்சலா, அழுததால் வந்த சூடா என்று அவளுக்குத் தெரியவில்லை. மார்பில் சாய்த்துக்கொண்டபோது ககுலேவின் நெற்றியைத் தொட்ட அந்த முதல் ராத்திரி நினைவுக்கு வந்தது.

குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விக்கலுக்கு இறங்கியது.

"பாத்தியா, உன்னப் பிடிச்சிருச்சு. என்னப் பாத்தா எல்லாக் குழந்தையும் பால் கேக்குது, இந்த வயசுல நான் எங்க போறது?" என்றாள் ஃபெலிசிதே.

தினமும் காலையிலும் மாலையிலும் கன்யேரே குழந்தையைத் தாயின் பிளாஸ்டிக் சுவருக்கு வெளியே கொண்டுபோய் நின்றாள். முதல் நாள் ஜோர்ஜெத் எழுந்து உட்கார்ந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"கஞ்சி குடிக்கிறாளா?"

"குடிக்கிறா. துப்பவும் துப்புறா."

"சர்க்கரை போடுங்க. அவங்க அப்பா பழக்கிவிட்டுட்டாரு. சர்க்கரை இல்லாம தொடமாட்டா." பிறகு தயங்கி, "நீங்க ஏன் அந்த உடுப்பு போடல? உங்களுக்குப் பயமில்லையா?" என்று கேட்டாள்.

"எனக்கு வந்து போயிருச்சு," என்றாள் கன்யேரே.

ஜோர்ஜெத் அவளையே வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஆசையைத் தாங்க முடியாமல் கன்யேரே குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

நான்காம் நாள் ஜோர்ஜெத்தால் தலையைத் திருப்ப முடியவில்லை. ஐந்தாம் நாள் அந்த அறையின் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். மருந்து ஏற்றியும் பலனில்லை, வந்ததே தாமதம் என்றான் மும்பேரே. ஆறு நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்களாம்.

ஆறாம் நாள் கன்யேரேவுக்குக் குளிரெடுத்தது.

பட்டப்பகல். வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அவள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கரண்டி கிண்ணத்தில் தடதடவென்று தட்டியது. முதலில் என்ன சத்தம் என்று தேடினாள். தன் கைதான் என்று தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வலி. கண்ணுக்குப் பின்னால் வலி. எல்லாம் அவளுக்குத் தெரிந்த வலி. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"ஃபெலி அக்கா, இவள வாங்கிக்கோங்க," என்றாள்.

"என்னடி ஆச்சு?"

"வாங்கிக்கோங்க. என்கிட்ட நெருங்கி வராதீங்க. தரையில வைக்கிறேன், எடுத்துக்கோங்க."

குழந்தையைப் பாயில் வைத்துவிட்டு அவள் சுவர்வரை பின்னால் நகர்ந்தாள். மபெந்தோ அவளை நோக்கித் தவழ்ந்து வந்தது. "வராத!" என்று கன்யேரே கத்தினாள். குழந்தை திடுக்கிட்டு நின்று உதட்டைப் பிதுக்கியது.

சந்தேகக்காரர்களை வைக்கும் கூடாரத்தில் தனிக் கட்டில். மூடிய உடையில் வந்தவன் மும்பேரேதான் என்று குரலை வைத்துத்தான் தெரிந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு, கையில் குத்தி ஒரு குழாய் எடுத்தான். கால் மணி நேரத்தில் ஒரு சின்ன பட்டையைக் காட்டினான். இரண்டு கோடு தெரிந்தது.

"மலேரியாக்கா. மாத்திரை தர்றேன்."

"அப்ப அது இல்லையா?"

"ரெண்டும் ஒண்ணா வரவும் செய்யும். எபோலா சோதனை சாயங்காலம் தெரியும். ஆனா காய்ச்சல் வந்த முதல் நாள் எடுத்த ரத்தத்துல சில சமயம் தெரியாது. மறுபடி எடுத்துப் பாத்தாதான் உறுதி. மூணு நாள் இங்கேயே இருக்கணும்."

"வாசல்ல ஆள் நிக்குதுன்னு சொன்னியே தம்பி! யாரு நிக்கிறாங்க? எவனோ நுழைஞ்சுட்டானே!"

உடைக்குள்ளிருந்து அவன் குரல் மெதுவாக வந்தது. "நிக்கிறவங்களுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரியும்க்கா. எபோலாவோட முகம். மலேரியா அவங்க பக்கத்துலயே நடந்து போனாலும் அடையாளம் தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாத்தான் உடம்பு கத்துக்கும். எங்க பெனிக்காரங்களப் பொறந்ததுலேர்ந்து கொசு கடிக்குது. அதுலயே எத்தனையோ பேர் சின்ன வயசுலயே போயிடுறாங்க. மிச்சம் இருக்கறவங்க உடம்பு ஏதோ கொஞ்சம் கத்துக்குது, அதனால காய்ச்சல் வந்தாலும் நடமாடிக்கிட்டே இருப்போம். நீங்க மலையில குளிர்ல வளந்தவங்க. உங்க உடம்புக்கு இது புதுசு."

அவன் சொன்னது புரிந்தது. ஆனால் புரிவதும் பயப்படுவதும் வேறு வேறு அறையில் நடந்தன. சாயங்காலம் "ஒண்ணும் இல்ல" என்று வந்தது. அதைக் கேட்டும் அவள் ஒவ்வொரு மணிக்கும் எழுந்து ஈறில் ரத்தம் வருகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். போர்வை நனைய வேர்த்தது, பிறகு குளிர், பிறகு வேர்வை. கிசா ஆறு வயதில் எவ்வளவு ஞாபகம் வைத்துக்கொள்வாள் என்று யோசித்தாள். தன் முகத்தையாவது வைத்துக்கொள்வாளா? புறப்பட்ட அன்று அவளைக் கூப்பிட்டு ஒரு முத்தம் கொடுக்கவில்லையே என்று அழுதாள். அதைவிட மோசமான நினைப்பு ஒன்று இருந்தது. தனக்கு வந்திருந்தால் இந்த ஆறு நாளும் அந்தக் குழந்தையைக் கழுத்தோடு ஒட்டி வைத்திருந்தாளே.

மறுநாள் வேலிக்கு அப்பால் ஃபெலிசிதே வந்து நின்று கத்தினாள்.

"என்னடி மலைக்காரி! எங்க ஊர் கொசு உன்னத்தான் தேடிக்கிட்டு இருந்துச்சு போல. புது ரத்தம்ல, ருசியா இருந்திருக்கும்!"

"மபெந்தோ எப்படி இருக்கா?"

"உன்னத் தேடுறா. கூடத்து வாசல்லயே போய் உக்காந்துக்கிறா. அவரைக்காய் வேகவெச்சுக் குடுத்து அனுப்பியிருக்கேன், மரவள்ளிக்கீரையும் இருக்கு. தின்னு. செத்துகித்துப் போயிடாத, ரெட்டை வேலை என்னால ஆகாது."

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டாம் சோதனையும் ஒன்றும் இல்லை என்று வந்தது. காய்ச்சலும் இறங்கியிருந்தது. கன்யேரே கட்டிலில் உட்கார்ந்து கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதைச் சொல்ல வந்த மும்பேரே போகாமல் நின்றான். இந்த முறை அவன் உடை போடவில்லை. வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன?" என்றாள்.

"மபெந்தோவுக்கு விடிகாலையில காய்ச்சல். சோதனை பண்ணிட்டோம்." அவன் முகம் மிச்சத்தைச் சொன்னது.

"என்னாலயா?"

"இல்லக்கா. உங்களுக்குத்தான் அது இல்லையே. தாய்ப்பால்ல வந்தது. உள்ளே அறையில வெச்சிருக்கோம். மருந்து ஏத்திட்டோம். ஆனா எங்களால முக்கால் மணி நேரத்துக்கு மேல அந்த உடுப்புல நிக்க முடியாது, வெந்துருவோம். போனவங்க வெளிய வர்றதுக்கும் அடுத்தவங்க போறதுக்கும் நடுவுல அவ தனியாத்தான் கிடக்கறா. எங்களப் பாத்தாலே அலறுறா. கஞ்சி இறங்கல. ஃபெலி அக்காவ அனுப்பலாம்னா கூடத்துல இன்னும் மூணு குழந்தைங்க இருக்கு." நிறுத்தினான். "நான் உங்களக் கேக்கல. நீங்க இப்பதான் எந்திரிச்சிருக்கீங்க."

"கேக்கத்தான வந்திருக்க."

அவன் தலை குனிந்துகொண்டான்.

"அந்த மருந்து என்ன மருந்து? எனக்குக் குடுத்ததுதானா?"

"ஆமா. முன்னாடி ஒரு தடவ இந்த நோய்லேர்ந்து பிழைச்ச ஒருத்தரோட ரத்தத்துல, அந்தக் கிருமிய அடையாளம் கண்டு பிடிக்கிற சரக்கு இருந்துச்சு. அதே மாதிரி செஞ்சது. குழந்தையோட உடம்பு தானா கத்துக்கறதுக்கு நாள் ஆகும். அதுவரைக்கும் கடனா இன்னொருத்தரோட காவல்."

கன்யேரே எழுந்து நின்றாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு தம்பி. அத நீ எழுதி வெச்சுக்கோ. தைரியமாப் போனாள்னு பின்னாடி எவனும் சொல்லக்கூடாது," என்றாள்.

அங்கி, கையுறை, முகமூடி, ரப்பர் பூட்ஸ். பிளாஸ்டிக் அறையின் ஜிப்பை அவன் திறந்துவிட்டான். உள்ளே அந்த வாசனை. குளோரினும் அதற்குக் கீழே வேறொன்றும். திரும்பிவிடலாம் என்று ஒரு கால் பின்னால் போனதும் உண்மை. மபெந்தோ கட்டிலின் மூலையில் சுருண்டு கிடந்தது. அழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தது. முகமூடிக்கு மேல் தெரிந்த கண்ணை அடையாளம் கண்டுகொண்டதுபோல ஒரு கையைத் தூக்கியது. தூக்கிய கை பாதியில் விழுந்தது.

கன்யேரே அவளை அள்ளிக்கொண்டாள்.

நான்கு நாள் அப்படி. தூங்குவதற்கு மட்டும் வெளியே வந்தாள். சொட்டுச் சொட்டாகச் சர்க்கரைக் கரைசல், சொட்டுச் சொட்டாகக் கஞ்சி. குழந்தையின் வயிற்றுப்போக்கை எடுப்பது, துடைப்பது, மறுபடி எடுப்பது. ககுலேவுக்குச் செய்த அதே வேலை. ஒவ்வொரு தடவை கை நனையும்போதும் கையுறை கிழிந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் மழை. கூடாரத்தின் மேல் கொட்டிய சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. குழந்தை திடீரென்று உடம்பை வில்லாக வளைத்தது. ஒரு கை முகமூடியைப் பிடித்து இழுத்தது. அதே மூச்சில் வாந்தி எடுத்தது. கன்யேரேயின் கன்னம், உதடு, திறந்திருந்த வாய். வெதுவெதுப்பாக, இரும்பு ருசியோடு.

அவள் அலறினாள். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. குழந்தையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. ஆனால் மபெந்தோவுக்கு மூச்சு அடைத்திருந்தது. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கன்யேரே குழந்தையைக் குப்புறத் திருப்பி முன்கையில் கிடத்தி முதுகில் தட்டினாள். துப்பிக்கொண்டே தட்டினாள், அழுதுகொண்டே தட்டினாள். ஐந்தாவது தட்டுக்குப் பிறகு ஒரு கட்டி வெளியே விழுந்தது. குழந்தை இழுத்து மூச்சு விட்டு, நான்கு நாளில் முதல் தடவையாக ஓங்கி அழுதது.

அடுத்த முறைக்கு உள்ளே வந்தவர்கள் குழந்தையை வாங்கிக்கொண்டு, அவளை வெளியே கூட்டிவந்து வாயைக் கொப்பளிக்கவைத்தார்கள். முகத்தைக் கழுவினார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாள்?" என்றாள்.

"வராதுக்கா," என்றான் மும்பேரே.

"எத்தனை நாள்னு கேட்டேன்."

"இருபத்தொண்ணு."

அன்றிலிருந்து கன்யேரே நாளை எண்ணினாள். காலை, மாலை வெப்பமானி. அக்காவுக்குப் போன் செய்யும்போது இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கிசா போனில் பல் விழுந்த கதையைச் சொன்னபோது "அப்புறம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே தன் மணிக்கட்டின் நாடியைத் தொட்டுப் பார்த்தாள். முகமூடியை இரண்டாக மாட்டிக்கொண்டு மறுநாள் மறுபடி உள்ளே போனாள். ஏன் போனாய் என்று ஃபெலிசிதே கேட்டதற்கு, "வந்திருந்தா ஏற்கெனவே வந்தாச்சு, இனிமே வெளிய நின்னு என்ன பண்ண?" என்றாள்.

மபெந்தோவுக்கு நோய் கண்ட எட்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் கஞ்சியைத் துப்பியது. கன்யேரே ஓடிப்போய்ச் சர்க்கரை வாங்கிவந்தாள். இரண்டு சோதனை அடுத்தடுத்து ஒன்றும் இல்லை என்று வந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, சான்றிதழையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

தகப்பன் கடெம்போ வந்திருந்தான். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன், ஒல்லியான மனிதன். தடுப்பூசி போட்டு, நாள் கணக்கு முடிந்து, இப்போதுதான் அவனை விட்டிருந்தார்கள். வேலிக்கு மூன்று அடி தள்ளியே நின்றான். கன்யேரே குழந்தையோடு நெருங்கியதும் ஒரு அடி பின்னால் போனான். போனதை அவனே கவனித்து முகம் கறுத்தான்.

"இந்த நோயே பொய், எலெக்‌ஷனுக்காகக் கெளப்பிவிட்டதுன்னு நான்தாம்மா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆறு நாள் ஜோர்ஜெத்த வீட்டுலயே வெச்சிருந்தது நான்தான்," என்றான். யாரும் கேட்காமலே சொன்னான்.

கன்யேரே குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ககுலேவை அவளும் எட்டு நாள் வைத்திருந்தாள்.

"இப்ப தொட்டா ஒண்ணும் ஆகாதா? நெஜமாவே?"

"அவகிட்ட இப்ப இல்ல. ரெண்டு தடவ பாத்துட்டாங்க."

"நீங்க பயப்படாம வெச்சிருக்கீங்க."

"யாரு சொன்னா? அவ என் வாய்க்குள்ள வாந்தி எடுத்து இன்னிக்குப் பதினோரு நாள் ஆகுது. இன்னும் பத்து நாள் இருக்கு எனக்கு. ராத்திரியெல்லாம் நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்."

அவன் அவளைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். பிறகு கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான். மபெந்தோ அவனை அடையாளம் தெரியாமல் கன்யேரேயின் அங்கியை இறுகப் பிடித்துக்கொண்டது. விரலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. அவன் தோளில் போனதும் கத்தியது. மகளின் கத்தலில் அவனும் சத்தமாக அழத் தொடங்கினான். மோட்டார் சைக்கிள் நின்ற இடம்வரை இரண்டு பேரும் அழுதுகொண்டே போனார்கள்.

"கஞ்சியில சர்க்கரை!" என்று கன்யேரே பின்னாலிருந்து கத்தினாள். அவன் திரும்பாமலே தலையை ஆட்டினான்.

மிச்சப் பத்து நாளில் கூடத்துக்கு இன்னும் இரண்டு குழந்தைகள் வந்தன. பதினேழாம் நாள் அவளுக்குத் தலைவலி வந்து, அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். வெயில்தான் காரணம். இருபத்தோராம் நாள் மாலை வெப்பமானியைப் பார்த்துவிட்டு மும்பேரே அதை உதறி உறையில் போட்டான்.

"உங்க ரத்தம் பிடிச்சிருச்சுக்கா. வந்தத வாசல்லயே முடிச்சிருச்சு."

"சரி. நாளைக்கும் ஒரு தடவ பாத்துருவோம்," என்றாள் கன்யேரே.